முத்திரை விழுந்த வலை

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கிய இந்திராணியின் எதிரே வந்து யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டிருந்தால், கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அம்பத்தூர் கம்பெனியில் நேற்று மாலை நடந்ததை மறந்தவர்களுக்கு இரண்டே வரி சொல்லிவிடுகிறேன். ஆந்திராக் கரையில் கட்டப்போகும் ஓர் அணுமின் நிலையத்துக்காக அந்தக் கம்பெனி தயாரித்த உரிம விண்ணப்பத்தில், ஏழாம் பகுதியை டைப் அடித்தவள் இந்திராணி. பக்கத்துக்குப் பக்கம் 'தொழில் ரகசியம்' என்று சிவப்பு முத்திரை. அதில், கடல் தண்ணீர் இழுக்கும் பம்பு அடைபடாமல் காக்க என்று போட்டிருந்த படம், அவளுடைய நைனா தருமலிங்கம் பின்னிய வலையின் படம். அதுவும் தப்பான படம். அதைச் சொல்லப் போனவளிடம் மேனேஜர் ஆதிகேசவன், "உன்னை வெச்சிருக்கிறது டைப் அடிக்க, படிக்க இல்லை" என்று சொல்லிவிட்டு, வேலையில் சேர்ந்த அன்று அவள் கையெழுத்துப் போட்ட ரகசியப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெளியே ஒரு வார்த்தை போனால் கோர்ட், கேஸ், ஜெயில்.

இரண்டு வரி என்றேன், நீண்டுவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வரிக் கணக்கு நிற்பதில்லை.

பழவேற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராத்திரி முழுக்க ஹாஸ்டலில் கண்ணை மூடாமல் கிடந்தவளுக்கு அப்போதும் தூக்கம் வரவில்லை. இன்று மதியம் முகத்துவாரத்துக்குத் தெற்கே கம்பெனி வெட்டியிருக்கும் கால்வாயில் அந்த வலைக்குச் சோதனை. பம்பாயிலிருந்து உரிமம் கொடுக்கும் குழு வருகிறது. அதற்குள் நைனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

கோட்டைக்குப்பத்து வீட்டு வாசலில் தெய்வநாயகி இறால் கூடைமேல் ஈரச் சாக்கு போட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? லீவா?"

இந்திராணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். தருமலிங்கம் கிழிந்த வலையை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, போன வருசம் கம்பெனிக்காரனுக்கு வலைய மணல்ல விரிச்சுக் காட்னியே. அப்ப சொறி வாசல தெச்சிட்டியா?"

தருமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்ன, தெறந்து போட்டா காட்டுவாங்க? நீ இன்னா இந்த வூட்ல பொறக்காத மாதிரி கேக்கற?"

அந்தச் சொறி வாசல் என்னவென்று தெரியாவிட்டால் இந்த வாரக் கதையே புரியாது. சித்திரை பிறந்தால் கடலிலிருந்து சொறி, அதாவது ஜெல்லி மீன், வந்து பழவேற்காட்டு ஏரியை நிரப்பும். பார்க்கக் கஞ்சித் தெளிவு கட்டிகட்டியாக மிதப்பது போலிருக்கும், மேலே பட்டால் தோல் எரியும். கூட்டமாக வந்து வலையில் விழுந்தால் பளு தாங்காமல் வலை கட்டிய கழியெல்லாம் சாய்ந்துவிடும். தருமலிங்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வலையைச் சாய்வாகக் கட்டி, தாழ்ந்த ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாசல் விட்டார். வாசலில் வலைத் துண்டு ஒன்று திரை போலத் தொங்கும். சொறி சேர்ந்து அழுத்தினால் திரை விலகி வழிவிடும், பளு குறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

ஆனால் அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். வெளியாள் யாராவது வலையைப் பார்க்க வந்தால், அதன் முக்கியமான இடத்தைத் தைத்து மூடிவிட்டுத்தான் விரிப்பார்கள். பெண் கொடுத்த சம்பந்தியானாலும் சரி, கலெக்டரானாலும் சரி. தருமலிங்கமும் வாசலைத் தைத்தார். கம்பெனிக்காரர்கள் தைத்த வலையை அளந்து, தைத்த வலையைப் படம் வரைந்து, அதன்மேல் ரகசியம் என்று முத்திரையும் குத்திக்கொண்டார்கள்.

"வாசலே இல்லாத வலைய பம்பாய்க்கு அனுப்பறாங்க நைனா!"

"அனுப்பட்டுமே! ஒரு சித்திர தாங்காது, பிச்சிக்கும். அப்ப எங்கிட்டதான வரணும்? அன்னிக்கு வெச்சிக்கறேன் கச்சேரிய."

"இது எறா புடிக்கற வலையா? அணு உலை! அது ராவும் பகலும் கொதிச்சிக்கினே இருக்கும். நின்னுபோனாக்கூட சூடு அடங்காது. ஆறவெக்க கடல் தண்ணிய இழுத்துக்கினே இருக்கணும். தண்ணி வர்ற எடத்துல சொறி அடச்சா பம்பு நின்னுடும். அப்பால இன்னா ஆவும்னு நெனச்சே பாக்க முடியாது. நான் டைப் அடிச்சவ, எனக்குத் தெரியும்!"

தருமலிங்கம் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "படிச்சவன் அத்தனை பேரு கீறான். அவனுங்க பாத்துக்க மாட்டானுங்க?"

"எப்டி பாப்பான்? அதான் ரகசியம்னு குத்தி மூடிட்டாங்களே! குழுவே மூடின கவர்லதான் பாக்கும். உன்ன மாதிரி வலை தெரிஞ்சவன் ஒருத்தன் கண்ணுல அது படவே படாது!"

இவ்வளவு கத்திய பிறகுதான் அவளுக்கு வீட்டில் ஓர் ஆள் குறைவது தெரிந்தது.

"தம்பி எங்கம்மா?"

"ராஜவேலு காலங்காத்தாலயே போய்ட்டான். கம்பெனி ஜீப்பு வந்து இட்டுனு போச்சு. ஒரு நாள் வேலையாம்" என்றாள் தெய்வநாயகி.

"இன்னா வேலை?"

"கரைல நின்னு கயிறு இழுக்கறதாம்" என்றார் தருமலிங்கம்.

இந்திராணிக்குத் தான் டைப் அடித்த இரண்டு காகிதங்கள் ஞாபகம் வந்தன. ஏழாம் பகுதியில், 'இந்த வலையைச் சுத்தம் செய்ய ஆள் தேவையில்லை' என்று அவளே அடித்திருந்தாள். அதே நாளில், கோப்பில் சேர்க்காத ஒரு துண்டுச் சீட்டையும் அடித்திருந்தாள். 'சோதனையன்று வலைக்கும் பம்பின் கம்பித் தடுப்புக்கும் நடுவே, தண்ணீருக்குள் நின்று அடைப்பை எடுக்க நீச்சல் தெரிந்த ஆள் ஒருவர்.' பெயர் போட்டிருக்கவில்லை.

"அது தம்பிதாம்மா. சொறிய கையால அள்ளிப் போட உள்ள எறக்கப் போறாங்க. வலை சாஞ்சா கம்பியோட வெச்சு நசுக்கிடும்."

"அவனுக்கு இந்த வலை அத்துப்படியாச்சே. வாசல் இல்லனா எறங்குவானா?" என்றார் தருமலிங்கம். குரலில் பழைய தெம்பு இல்லை.

"எப்டி தெரியும்? தண்ணில எறக்கற வரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்க. வேலைக்கு வந்தவன்கூட பாக்கக் கூடாதாம். ரகசியம்!"

தெய்வநாயகி இறால் கூடையை எட்டி உதைத்தாள். வாசலெல்லாம் இறால் சிதறியது.

"யோவ், இன்னும் முடிச்சா போட்டுனு கீற? எழுந்திருய்யா! எம் புள்ள மேல ஒரு கீறல் பட்டுது, உன் வலையெல்லாம் அடுப்புல வெச்சுடுவேன்!"

அப்பாவும் மகளுமாகப் படகில் ஏறியதும் தருமலிங்கம் கழியை ஊன்றித் தள்ளினார். ஏரி அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கடலிலிருந்து நீர் ஏறத் தொடங்கியிருந்தது. படகின் இரண்டு பக்கமும் சொறி சொறியாக மிதந்து வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பாதி வழியில் இந்திராணி கேட்டாள். "அங்க போனதும் அந்த குழு ஆளுங்ககிட்ட வாசல பத்திச் சொல்லிடணும். எவ்ளோ அகலம், எந்த ஓரம், எல்லாம் சொல்லணும். சொல்லுவியா?"

கழி ஒரு முறை ஊன்றி எழுந்தது. இன்னொரு முறை ஊன்றி எழுந்தது.

"அங்க கூலிக்கு வந்துகீறவன்லாம் பக்கத்து குப்பத்து ஆளுங்க இந்திரா. அவனுங்க காதுல வுழுந்தா நாளைக்கே அவனுங்க வலைலயும் வாசல் வெச்சிடுவானுங்க. நம்மளுக்குனு இருக்கறது இது ஒண்ணுதான்."

வாசகர்களே, நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நானாக இருந்தால் அந்த மனுஷரை ஏரியில் தள்ளியிருப்பேன். இந்திராணி அப்படிச் செய்யவில்லை. எழுந்து நின்று, படகு ஆட ஆட, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அவனும் ரகசியங்கறான், நீயும் ரகசியங்கற! நடுவுல சாவப்போறது உன் புள்ள! வெக்கமா இல்ல உனக்கு?"

 தருமலிங்கத்தின் கழி முன்னைவிட வேகமாக விழுந்தது.

கால்வாயைச் சுற்றித் தகரத்தட்டி அடைத்திருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி, "உள்ளே யாரும் போகக் கூடாது. கம்பெனி ரகசியம்" என்று பாடம் ஒப்பித்தான்.

"நான் யாரோ இல்லப்பா, வலை என்னுது!"

"யாரா இருந்தாலும் வெளியாள் வெளியாள்தான்."

"என் வலைக்கு நான் வெளியாளாடா?" என்று தருமலிங்கம் அவன் சட்டையைப் பிடித்தார். சத்தம் கேட்டு ஆதிகேசவன் வெளியே வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. இந்திராணியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நீ இங்க என்ன பண்றே? ஓ, அப்பாகிட்ட எல்லாத்தையும் உளறிட்டியா? ஒரு கையெழுத்துக்கு உங்க ஊர்ல இதுதான் மதிப்பா?"

"சார், தம்பிய மேல ஏத்துங்க. அப்பறம் என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. அந்த வலைல வாசல் இல்ல. அளக்கும்போது எங்க நைனா தெச்சு மறைச்சிட்டாரு. சொறி வந்தா சாய்ஞ்சிடும்."

ஆதிகேசவன் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். ஏனென்றால் அவருக்குப் புரிந்துவிட்டது, நன்றாகவே புரிந்துவிட்டது.

"இப்போ நிறுத்தினா விண்ணப்பமே பொய்னு ஆயிடும். இருபது நிமிஷம்தான் சோதனை. முடியட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லித் திரும்பினார்.

தகரத்தட்டிக்கு அப்பால் டீசல் பம்பு உறுமத் தொடங்கியது.

இந்திராணி காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினாள். ஷாமியானாவில் குழுவைச் சேர்ந்த நாலு பேர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கால்வாயில் வலை நின்றது. அவள் கண்ணெதிரே வெள்ளை வெள்ளையாகச் சொறி வந்து அதில் மோதி, நகர வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனது. வலையின் வயிறு பம்பை நோக்கிப் புடைத்தது.

"உள்ள ஆள் இருக்கு! பம்ப நிறுத்துங்க! தண்ணிக்குள்ள என் தம்பி இருக்கான்!"

குழுவில் மூத்தவர், கண்ணாடி போட்ட தமிழ்க்காரர், இளநீரைக் கீழே வைத்தார். "உள்ளே ஆளா? ஆள் தேவையில்லைன்னுதானே அறிக்கை?"

"யாரும் இல்லை சார். வேலையை விட்டு நிறுத்தினோம், அந்தக் கோபத்துல கத்துறா" என்றார் ஆதிகேசவன், சற்றும் தயங்காமல்.

அந்த நேரத்தில் முதல் கழி சாய்ந்தது. வலைக்குப் பின்னால் தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்து, விரல்களை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனது.

"நிறுத்துய்யா!" என்று மூத்தவர் அலறினார். பம்புக்காரன் மேனேஜரைப் பார்த்தான். மூத்தவரே ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டு பம்பை நிறுத்தினார். அதற்குள் காவலாளியை உதறிவிட்டு வந்த தருமலிங்கம் இடுப்புக் கத்தியோடு கால்வாயில் குதித்திருந்தார். தாழ்ந்த ஓரத்தில், வாசல் இருக்க வேண்டிய அதே இடத்தில், மேலிருந்து கீழாக வலையை ஒரே கிழியாகக் கிழித்தார். அடைபட்டிருந்த சொறியெல்லாம் அவர் முகத்திலும் மார்பிலும் மோதி, வழி கண்டு வெளியேறியது. சாய்ந்த வலை தொய்ந்தது. அந்த வழியாக உள்ளே புகுந்தவர் மகனை இழுத்துக்கொண்டு கரையேறினார்.

ராஜவேலு உயிரோடிருந்தான். உடம்பெல்லாம் சாட்டையால் அடித்தது போலத் தடித்துக் கிடந்தது. இடது கையில் மூன்று விரல்கள் சாய்ந்த கழிக்கும் பம்பின் கம்பித் தடுப்புக்கும் நடுவே மாட்டி நசுங்கியிருந்தன. இந்திராணி தாவணியைக் கிழித்துக் கட்டினாள். கட்டக் கட்டத் துணி ரத்தத்தில் நனைந்தது.

"யக்கா, உள்ள பாத்ததும் தெரிஞ்சுது, வாசலே இல்லக்கா" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மேல வரலாம்னா தண்ணி இழுக்குது. கம்பெனிக்காரனுங்க மறந்துட்டானுங்கக்கா."

இவ்வளவு நடந்த பிறகும் ஆதிகேசவன் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தருமலிங்கம் கிழித்த இடத்தைக் கண்ணால் அளந்து ஏதோ குறித்துக்கொண்டார்! பிறகுதான் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"சார், படம் பன்னிரண்டு பக்கம். 'இதுதான் என் வலை, முழுசும் சரி'ன்னு இவர் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கார். இப்போ வாசல்னு புதுக் கதை கட்டுறாங்க. எங்க ரகசியக் கோப்பை இந்தப் பொண்ணு திருடி வெளியே விட்டிருக்கா. நான் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன்."

மூத்தவர் கோப்பை வாங்கிப் புரட்டினார். பன்னிரண்டு பக்கத்திலும் த.தருமலிங்கம், த.தருமலிங்கம் என்று கோணல் எழுத்து.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"அப்போ படத்துல வாசல் இல்லைன்னு கவனிக்கலையா? கவனிக்கலைன்னா உங்க பேச்சுக்கு இங்க மதிப்பில்லை. படம்தான் நிக்கும். உங்க பொண்ணு மேல கேஸும் நிக்கும்."

தருமலிங்கத்தின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். பக்கத்துக் குப்பத்துக் கூலிக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவனிச்சேன் சார்" என்றார்.

"என்ன?"

"மொதப் பக்கத்துலயே கவனிச்சேன். தெச்ச வலையத்தான் வரைஞ்சிருக்கானுங்கனு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன். சொல்லல. வலை பிச்சிக்கினா எங்கிட்ட திரும்பி வருவானுங்கனு கம்முனு இருந்துட்டேன். எழுதிக்குங்க சார். என் பொண்ணு எதையும் திருடல. மறைச்சது நானு."

மூத்தவர் பேனாவைத் திறந்து எழுதினார். யாரும் கேட்காமலேயே தருமலிங்கம் சொல்லிக்கொண்டே போனார். வாசல் எந்த ஓரம், எத்தனை முழம், திரைக்கு எந்த நூல், எல்லாவற்றையும் ஊரறிய, உரக்கச் சொன்னார். பக்கத்துக் குப்பத்தார் காதைத் தீட்டிக் கேட்டார்கள். ஆதிகேசவனும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை மெட்ராஸ்ல விசாரணை" என்றார் மூத்தவர். "நீங்க வரணும். உங்க மகனும் கூட வந்து, 'என்னைத்தான் உள்ளே இறக்கினாங்க'ன்னு தன் வாயால சொல்லணும். அது இல்லாம இந்தக் காகிதத்தை மட்டும் வெச்சு உங்க பொண்ணை என்னால காப்பாத்த முடியாது."

"வருவான் சார். என் புள்ள, வராம எங்க போவான்?" என்று தருமலிங்கம் மகன் பக்கம் திரும்பினார்.

ராஜவேலு எழுந்து உட்கார்ந்திருந்தான். அவர் சொன்னது அத்தனையும் அவன் காதில் விழுந்திருந்தது.

"கம்பெனிக்காரனுங்க மறந்துட்டானுங்கனு நெனச்சேன்" என்றான். "உனக்குத் தெரியுமா நைனா?"

"உள்ள எறக்குவானுங்கனு தெரியாதுடா. சத்தியமா தெரியாது. கரைல கயிறு..."

"வாசல் இல்லனு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"நேத்து ராத்திரி ஒரே தட்டுல துன்னோமே. அப்பகூட சொல்லல."

தருமலிங்கம் மண்டியிட்டு அவன் காயம்பட்ட கையைத் தொடப் போனார். ராஜவேலு கையை இழுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் குழுவின் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்திராணி தம்பியைத் தாங்கி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே தருமலிங்கமும் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"யக்கா," என்றான் ராஜவேலு, தகப்பனைப் பார்க்காமல். "அந்தாள் வேணாம். எறங்கச் சொல்லு."

இந்திராணி நைனாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அவர்மேல் கொட்டிய கோபத்தில் பாதிகூட இப்போது அவளிடம் இல்லை. ஆனாலும் அவள் தம்பியின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தருமலிங்கம் தானாகவே காலைக் கீழே வைத்தார். ஜீப் கிளம்பியதும் நாலு எட்டு பின்னால் ஓடினார். பிறகு நின்றுவிட்டார்.